ஜாகுவார் ஈ-டைப் காரின் நீள மூக்கை எப்படிப் படமெடுப்பது?

சர்ரேயில் ஒரு பழைய கார் சந்திப்பில் ஜாகுவார் ஈ-டைப்பை 24 மி.மீ. அகலக்கோண லென்ஸில் எடுத்தேன். பானட் படகாக நீண்டு, பின்பக்கம் சுண்டைக்காயாகிவிட்டது. கரும்பச்சை பெயின்ட்டில் என் தொப்பைதான் தெரிகிறது. என்ன செய்யலாம்?

பதில் 1: கார் முழுதும் அடங்கும்வரை பின்னால் போய் 85 மி.மீ. லென்ஸில் எடுங்கள். அப்புறம், முட்டி போடுங்கள். அதன் கூரையே நாலடிதான். நின்றபடி எடுத்தால் பொம்மைக் கார்.

பதில் 2: லென்ஸில் போலரைசரை (பிரதிபலிப்பைக் குறைக்கும் ஃபில்டர்) மாட்டித் திருப்பிப் பாருங்கள், பெயின்ட்டில் பளபளப்பு குறையும். குரோம் பம்பரிடம் அது பலிக்காது. கறுப்புச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

பதில் 3: கார் ஓடும்போது ஷட்டரை 1/60 நொடியில் வைத்து, அதோடு சேர்ந்து திரும்பி எடுங்கள். கம்பிச் சக்கரம் சுழல்வது தெரியும். 1/1000 வைத்தால் நிறுத்திவைத்த வண்டிதான்.

கேட்டவர்: முட்டி போட்டேன் சார். படம் அருமை. பக்கத்து வண்டி ஒழுக்கிய எண்ணெயில் பேன்ட் போச்சு.