கார் ஆம்ப் மாட்டியதிலிருந்து விசில் சத்தம், சிவப்பு லைட், பேட்டரி டவுன். கெப்பாசிட்டர் வாங்கலாமா?

திருவொற்றியூர் டிரைவர்:

எல்லோருக்கும் வணக்கம். என்னுடையது 2014 மாடல் டீசல் ஹேட்ச்பேக். பழைய ஸ்டீரியோவைக் கழற்றிவிட்டு ஒரு கடையில் ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ, நாலு சேனல் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்), டிக்கியில் 12 இன்ச் சப்வூஃபர் (பேஸுக்கான பெரிய ஸ்பீக்கர்) போட்டேன். முதல் இரண்டு சேனல் முன்கதவு ஸ்பீக்கர்களுக்கு. மீதி இரண்டையும் பிரிட்ஜ் பண்ணி, அதாவது ஒன்றாகச் சேர்த்து, சப்வூஃபருக்குக் கொடுத்திருக்கிறார்கள். எஞ்சின் ஆஃபில் இருக்கும்போது பாட்டு அருமையாக இருக்கிறது.

ஸ்டார்ட் பண்ணினால்தான் தொல்லை. ஸ்பீக்கரில் மெல்லிய விசில் கேட்கிறது, ஆக்ஸிலேட்டரை மிதித்தால் அதுவும் சேர்ந்து ஏறுகிறது. சவுண்டைப் பாதிக்கு மேல் வைத்தால் பேஸ் விழும் ஒவ்வொரு தடவையும் ஹெட்லைட் மங்குகிறது. கொஞ்ச நேரத்தில் ஆம்பில் சிவப்பு லைட் எரிந்து சத்தம் நின்றுவிடும், அப்புறம் தானாகவே வரும். எல்லாவற்றையும்விட மோசம், சனி ஞாயிறு வண்டியை எடுக்காமல் விட்டால் திங்கள் காலை ஸ்டார்ட் ஆவதில்லை. பேட்டரி வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

கடையில் கேட்டால் 1 ஃபேரட் கெப்பாசிட்டர் (கொஞ்சம் மின்சாரத்தைச் சேர்த்து வைத்துச் சட்டென்று கொடுக்கிற பாகம்) போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள். வாங்கலாமா? இன்னொரு விஷயம், 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது கார்பெட் நனைகிற அளவுக்கு வண்டி தண்ணீரில் நின்றது. வீடு கடலுக்குப் பக்கம், பார்க்கிங் ரோட்டில்தான். என்னிடம் சாதாரண மல்டிமீட்டர் ஒன்று இருக்கிறது.

மணலி லாரி வயரிங்:

தம்பி, மற்றதெல்லாம் அப்புறம். பானெட்டைத் திறந்து பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஆம்புக்குப் போகிற சிவப்பு வயரைப் பாருங்கள். பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் இருக்கிறதா?

திருவொற்றியூர் டிரைவர்:

இல்லை அண்ணே. வயர் நேராக பேட்டரி டெர்மினலில் மாட்டியிருக்கிறது. ஃபியூஸ் டிக்கியில், ஆம்புக்குப் பக்கத்தில் இருக்கிறது.

மணலி லாரி வயரிங்:

அப்படியானால் இன்று இரவே அந்த வயரைக் கழற்றிவிடுங்கள். பாட்டு இல்லாமல் கொஞ்ச நாள் ஓட்டலாம். ஃபியூஸ் இருப்பது ஆம்பைக் காப்பாற்ற இல்லை, வயரைக் காப்பாற்ற. ஆம்புக்கென்று அதற்குள்ளேயே தனி ஃபியூஸ் உண்டு. உங்கள் வண்டியில் பேட்டரியிலிருந்து டிக்கி வரைக்கும் நாலைந்து மீட்டர் வயர் எந்தக் காவலும் இல்லாமல் ஓடுகிறது. எஞ்சின் ரூமிலிருந்து உள்ளே வருகிற தகட்டு ஓட்டையில் ரப்பர் வாஷர் இல்லாவிட்டால், எண்ணூர் ரோட்டுக் குலுக்கலில் இன்ஸுலேஷன் தேய்ந்து ஒருநாள் பாடியில் தொடும். தொட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். கார்பெட்டுக்கு அடியில் வயர் சிவந்து எரியும், அணைக்க சுவிட்ச் கிடையாது. இப்படிக் கருகின கேபினை நான் பார்த்திருக்கிறேன்.

கழற்றும்போது முதலில் மைனஸ், அப்புறம் பிளஸ். மாட்டும்போது முதலில் பிளஸ், கடைசியில் மைனஸ். மைனஸ் மாட்டியிருக்கும்போது பிளஸ்ஸில் வைத்த ஸ்பேனர் பாடியில் இடித்தால் அந்த ஸ்பேனரே ஷார்ட் அடித்துவிடும்.

வியாசர்பாடி பேஸ்:

ஃபியூஸ் விஷயம் சரி. ஆனால் கெப்பாசிட்டரை ஒரேயடியாக ஒதுக்கவேண்டாம் ப்ரோ. என் வண்டியில் போட்டபிறகு லைட் மங்குவது நன்றாகவே குறைந்தது.

தண்டையார்பேட்டை டிப்ளமோ:

பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் பாடம் எடுக்கிறேன், அதனால் கணக்குப் போட்டே சொல்கிறேன். 1 ஃபேரட் கெப்பாசிட்டர் 14 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு இறங்கும்போது வெளியே கொடுப்பது 26 ஜூல். உங்கள் ஆம்ப் பேஸ் அடிக்கும்போது 400 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், அந்த 26 ஜூல் 0.065 விநாடிக்குத்தான் வரும். ஒரு கிக் டிரம் அடி முடிவதற்குள் காலி. அதற்குப் பிறகு அதையும் ஆல்டர்னேட்டர்தான் நிரப்பவேண்டும். வயரிங் ஏற்கெனவே நன்றாக இருக்கிற வண்டியில் சின்னத் துடிப்புகளைக் கெப்பாசிட்டர் சமன் செய்யும், வியாசர்பாடி நண்பர் பார்த்தது அதுவாக இருக்கலாம். ஆனால் வழியில் எங்கேயோ வோல்ட் தொலைகிற வண்டியில் அது பணத்துக்குக் கேடு. விசிலுக்கும் பேட்டரி இறங்குவதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

சிவப்பு லைட் பற்றி ஒரு கேள்வி. சப்வூஃபரில் எத்தனை காயில்? எத்தனை ஓம்? ஆம்பிலிருந்து வருகிற ஸ்பீக்கர் வயரைக் கழற்றிவிட்டு, சப்வூஃபர் பக்கம் மீட்டரை வைத்து ஓம் பார்த்துச் சொல்லுங்கள்.

திருவொற்றியூர் டிரைவர்:

சிவப்பு வயரைக் கழற்றிவிட்டேன் அண்ணே. தகட்டு ஓட்டையில் ரப்பர் இல்லை, இன்ஸுலேஷனில் கோடு விழுந்திருக்கிறது. பார்த்ததும் வயிற்றைக் கலக்கிவிட்டது.

மேடம், சப்வூஃபரில் இரண்டு காயில், ஒவ்வொன்றும் 4 ஓம் என்று போட்டிருக்கிறது. மீட்டரில் 1.8 காட்டுகிறது.

தண்டையார்பேட்டை டிப்ளமோ:

ஒரு காரணம் கிடைத்துவிட்டது. இரண்டு காயிலையும் பேரலலாக (பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ்) கட்டியிருக்கிறார்கள், அதனால் 2 ஓம் ஆகிவிட்டது. மீட்டரில் எப்போதும் எழுதியிருப்பதைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் காட்டும். நாலு சேனல் ஆம்ப்கள் பெரும்பாலும் பிரிட்ஜில் 4 ஓமுக்குக் கீழே தாங்காது, மேனுவலில் பாருங்கள். பிரிட்ஜில் 2 ஓம் கொடுத்தால் ஒவ்வொரு சேனலும் 1 ஓமை ஓட்டுகிற கணக்கு. கரண்ட் எகிறும், சூடேறும், ஆம்ப் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடும். காயில்களை சீரிஸில் (ஒன்றன்பின் ஒன்றாக) கட்டுங்கள், 8 ஓம் வரும். சத்தம் கொஞ்சம் குறையும், ஆம்ப் பிழைக்கும். உங்களுக்குச் சரியாகப் பொருந்துவது இரண்டு 2 ஓம் காயில் உள்ள சப்வூஃபர், சீரிஸில் சரியாக 4 ஓம் வரும். அடுத்த முறை வாங்கும்போது கேட்டு வாங்குங்கள்.

பெரம்பூர் பழையவர்:

ரயில் பெட்டி வயரிங்கில் பல வருஷம் இருந்தவன். காயில் விஷயம் சரியான கண்டுபிடிப்பு. ஆனால் ஹெட்லைட் மங்குவது அதனால் மட்டுமா என்று அளந்து பார்க்காமல் சொல்லமுடியாது. எதையும் வாங்குவதற்கு முன் வோல்ட் எங்கே தொலைகிறது என்று தேடுங்கள். உங்கள் சின்ன மீட்டரே போதும்.

எர்த் (மைனஸ் வயர் பாடித் தகட்டில் சேர்கிற இணைப்பு) நன்றாக இருக்கிறதா என்று பலபேர் மீட்டரை ஓமில் வைத்துப் பார்ப்பார்கள். அது வீண் வேலை. மீட்டர் முள்கம்பிகளை ஒன்றோடொன்று தொட்டாலே 0.2, 0.3 ஓம் காட்டும். நாம் தேடுவதோ 0.02 ஓம். 30 ஆம்பியர் ஓடும்போது அந்த 0.02 ஓம் 0.6 வோல்ட்டைத் தின்றுவிடும். அதனால் லோடு ஓடிக்கொண்டிருக்கும்போது வோல்ட்டைத்தான் பார்க்கவேண்டும்.

செய்யவேண்டியது இது. காயிலை சீரிஸில் மாற்றுங்கள். சோதனைக்காக மட்டும் பேட்டரி பக்கத்தில் ஃபியூஸ் ஹோல்டர் போட்டு, இப்போதுள்ள வயருக்கு 40 ஆம்பியர் ஃபியூஸ் வையுங்கள். எஞ்சினை ஐடிலில் விட்டு பேஸ் அதிகமுள்ள பாட்டைப் போடுங்கள். மீட்டர் டிசி வோல்ட்டில். முதலில் பேட்டரியின் இரண்டு முனைக்கும் நடுவே பாருங்கள். அடுத்து ஆம்பின் பிளஸ்ஸுக்கும் எர்த்துக்கும் நடுவே. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் வழியில் தொலைவது. அது எந்தப் பக்கம் என்று தெரிய, நீளமான ஒரு வயரை மீட்டரில் சேர்த்து, பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஆம்ப் பிளஸ்ஸுக்கு ஒரு தடவை, பேட்டரி மைனஸிலிருந்து ஆம்ப் எர்த்துக்கு ஒரு தடவை வையுங்கள். பிளஸ் பக்கம் அரை வோல்ட்டுக்குள் இருக்கவேண்டும். மைனஸ் பக்கம் 0.1, 0.2க்கு மேல் போகக்கூடாது. மைனஸில் அதிகமாக வந்தால், நடுவே பாடித் தகட்டில் பெயிண்ட் இல்லாத இடத்தைத் தொட்டு இரண்டாகப் பிரித்துப் பாருங்கள்.

திருவொற்றியூர் டிரைவர்:

ஐயா, நீங்கள் சொன்னபடியே பார்த்தேன். பேஸ் விழும் நேரத்து எண்கள்: பேட்டரியில் 13.4, ஆம்பில் 11.3. பிளஸ் பக்கம் 1.1, மைனஸ் பக்கம் 1.0. அந்த மைனஸைப் பிரித்தால் பேட்டரியிலிருந்து முன்பக்கப் பாடிக்கு 0.3, பின்பக்கப் பாடியிலிருந்து ஆம்ப் எர்த்துக்கு 0.7. எர்த்தை பின்சீட் பெல்ட் போல்ட்டில் மாட்டியிருக்கிறார்கள். போல்ட்டைச் சுற்றிப் பெயிண்ட் அப்படியே இருக்கிறது, ஓரத்தில் துரு.

சிவப்பு வயரின் முனையைச் சுரண்டிப் பார்த்தேன். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. இன்ஸுலேஷன் விரல் தடிமன், உள்ளே கம்பி ரொம்ப மெல்லிசு.

பெரம்பூர் பழையவர்:

வெள்ளையாக இருப்பது அலுமினியம், மேலே செம்பு முலாம். அதன் ரெசிஸ்டன்ஸ் செம்பைப்போல் சுமார் ஒன்றரை மடங்கு. நல்ல செம்பில் 8 கேஜ் வயர் என்றால் குறுக்குப் பரப்பு 8.4 சதுர மில்லிமீட்டர். 5 மீட்டர் நீளத்தில் 30 ஆம்பியருக்கு 0.3 வோல்ட்தான் போகும். உங்களுக்கு 1.1 போகிறது என்றால் வயரும் மோசம், மூட்டுகளும் மோசம். பாட்டு ஓடும்போது டிக்கி ஃபியூஸ் ஹோல்டரைத் தொட்டுப் பாருங்கள், சுடும்.

இதற்கென்று விற்கிற விலையுயர்ந்த கிட் வேண்டியதில்லை. வெல்டிங் கேபிள், 25 சதுர மில்லிமீட்டர், செம்பு. நாலு கேஜுக்கும் சற்றுப் பெரியது, வளையவும் வளையும். மணலி, திருவொற்றியூர் பக்கம் ஃபேப்ரிகேஷன் பட்டறைக்காரர்கள் வாங்குகிற கடைகளில் மீட்டர் கணக்கில் கிடைக்கும். அதிலும் அலுமினியம் உண்டு, அதனால் முனையைச் சுரண்டிப் பார்த்து வாங்குங்கள். எர்த்துக்கும் அதே கனம் வேண்டும், நீளம் அரை மீட்டருக்குள். வெள்ளீயம் பூசிய செம்பு லக் (வயர் முனையில் மாட்டுகிற வளையம்) போட்டு, கிரிம்ப் டூலில் அழுத்துங்கள். சுத்தியலால் தட்டவேண்டாம்.

சீட் பெல்ட் போல்ட்டில் எர்த் மாட்டுவதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ளமாட்டேன். அது உயிர் காக்கிற போல்ட். இடையே லக் செருகினால் அது முறையாக இறுகாது. டிக்கித் தரையில் தனி இடம் பாருங்கள். துளைக்கும் முன் அடியில் டீசல் டேங்க், பிரேக் பைப் இல்லை என்று உறுதி செய்யுங்கள். உப்புத்தாள் போட்டுத் தகடு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, லக்கை இறுக்கி, அதன்பிறகு மேலே பெயிண்ட் அடியுங்கள். கடல் காற்று படுகிற ஊரில் அந்தப் பெயிண்டை விட்டுவிட்டால் ஒரே மழையில் துரு பிடித்துவிடும்.

முன்பக்கம் 0.3 தொலைவது பேட்டரி மைனஸிலிருந்து பாடிக்குப் போகிற ஸ்டிராப்பில். அதோடு எஞ்சினிலிருந்து பாடிக்குப் போகிற ஸ்டிராப்பையும் கழற்றித் தேயுங்கள். வெள்ளத்தில் நின்ற வண்டி என்றீர்கள், அதன் பச்சைப் பூப்பு அங்கேதான் இருக்கும்.

மணலி லாரி வயரிங்:

பெரியவர் சொன்ன 25 வயருக்கு 60 ஆம்பியர் ஃபியூஸ் போதும், ஆம்பிலேயே 25, 25 என்று இரண்டுதான் இருக்கும். ஹோல்டர் பேட்டரிக்கு ஒரு ஜாண் தூரத்தில். தகட்டு ஓட்டைக்கு ரப்பர் வாஷர், அதற்கு மேல் ஸ்லீவ்.

பேட்டரி இறங்குவதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. ஆம்பின் ரிமோட் வயர் (ஆம்பை ஆன் பண்ணுகிற மெல்லிய வயர்) ஸ்டீரியோவில் எதில் சேர்ந்திருக்கிறது? எனக்கு மஞ்சள் வயர்மேல் சந்தேகம். மஞ்சள் என்றால் பேட்டரியிலிருந்து எப்போதும் 12 வோல்ட். அதில் கட்டினால் சாவியை எடுத்தாலும் ஆம்ப் தூங்காது. மீட்டரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, பேட்டரி மைனஸைக் கழற்றி, மைனஸுக்கும் கேபிளுக்கும் நடுவே வைத்துப் பாருங்கள். கதவெல்லாம் மூடி, வண்டி அடங்கக் கொஞ்ச நேரம் விட்டு அளக்கவேண்டும். 0.05 ஆம்பியருக்கு மேல் இருந்தால் எங்கேயோ கசிகிறது. மீட்டர் அப்படி மாட்டியிருக்கும்போது சாவியைத் திருப்பவே கூடாது.

திருவொற்றியூர் டிரைவர்:

0.9 ஆம்பியர் அண்ணே! ரிமோட் வயரைப் பிடுங்கினால் 0.02. மஞ்சளில்தான் கட்டியிருக்கிறார்கள்.

மணலி லாரி வயரிங்:

அதுதான். 35 ஆம்பியர் ஹவர் பேட்டரி ஒன்றரை நாளில் காலியாகிவிடும், பேட்டரி மேல் குற்றமில்லை. ஸ்டீரியோவின் பின்னால் நீலத்தில் வெள்ளைக் கோடு போட்ட வயரையோ, ஆம்ப் கன்ட்ரோல் என்று எழுதிய வயரையோ தேடி அதில் கட்டுங்கள். அப்படி ஒன்று இல்லாவிட்டால் சாவியோடு வருகிற சிவப்பு வயர்.

திருவொற்றியூர் டிரைவர்:

எல்லாம் மாற்றியாகிவிட்டது. ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனைக் கூட வைத்துக்கொண்டு வெல்டிங் கேபிள், 60 ஃபியூஸ், டிக்கித் தரையில் புது எர்த் எல்லாம் போட்டோம். முன்பக்க ஸ்டிராப் இரண்டிலும் பச்சைப் பூப்பு, ஐயா சொன்னது அப்படியே. இப்போது பேஸ் விழும்போது பேட்டரியில் 13.6, ஆம்பில் 13.2. சிவப்பு லைட் வருவதே இல்லை. ஹெட்லைட் ஐடிலில் மட்டும் லேசாக அசைகிறது. வண்டி நாலு நாள் நின்ற பிறகும் ஒரே கிராங்கில் எடுத்தது.

விசில் பாதிதான் போனது.

தண்டையார்பேட்டை டிப்ளமோ:

எஞ்சின் ஓடும்போது ஆர்சிஏ வயர்களை, அதாவது ஸ்டீரியோவிலிருந்து ஆம்புக்குப் பாட்டைக் கொண்டுபோகிற வயர்களை, ஆம்ப் பக்கத்தில் பிடுங்குங்கள். விசில் நின்றால் ஆம்பின் பவர், எர்த் சரி, சத்தம் ஆர்சிஏ வழியாக வருகிறது. பிறகு சார்ஜரில் இல்லாத ஃபோன் ஒன்றை ஆடியோ வயர் வழியாக ஆம்பிலேயே நேராக மாட்டிப் பாருங்கள். அதில் சுத்தமாக இருந்தால் குறை ஸ்டீரியோவிலோ ஆர்சிஏ வயர் போகிற பாதையிலோ. பவர் கேபிளோடு ஒட்டி ஓடினால் வண்டியின் மறுபக்கத்துக்கு மாற்றுங்கள், எங்காவது கடக்கவேண்டுமானால் குறுக்காகக் கடக்கட்டும். ஸ்டீரியோவின் எர்த்தையும் டேஷ் பின்னால் வெறும் தகட்டில் தனியாகக் கொடுங்கள். ஆம்பில் உள்ள கெய்னை (உள்ளே வருகிற சிக்னலைப் பெருக்கும் அளவு) குறைத்து ஸ்டீரியோ வால்யூமை ஏற்றுங்கள். கெய்ன் அதிகமானால் பாட்டோடு சேர்ந்து இரைச்சலும் பெரிதாகும்.

திருவொற்றியூர் டிரைவர்:

ஆர்சிஏ பிடுங்கினால் நிசப்தம். ஆர்சிஏ வயரையும் பவர் கேபிளையும் ஒரே பக்கம் டேப் போட்டுச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். மாற்றினேன், ஸ்டீரியோ எர்த்தும் புதுசு. விசில் போய்விட்டது. ஆனால் ஃபோனை கார் சார்ஜரில் போட்டு ஆக்ஸ் வயரில் பாட்டு வைத்தால் மட்டும் திரும்ப வருகிறது. ப்ளூடூத்தில் இல்லை.

தண்டையார்பேட்டை டிப்ளமோ:

சார்ஜர் வழியாக ஒரு எர்த், ஆக்ஸ் வழியாக ஒரு எர்த், இரண்டும் சேர்ந்து வளையமாகிவிடுகிறது. ஆம்பைத் தொடவேண்டாம். ஆக்ஸ் வயரில் கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் ஒன்று போடுங்கள், ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும். உள்ளே சின்ன டிரான்ஸ்ஃபார்மர்தான், அதனால் மலிவானதில் பேஸ் கொஞ்சம் மெலியும். ப்ளூடூத்திலேயே கேட்கிறவராக இருந்தால் அதுவும் தேவையில்லை.