கோட்டை மானுக்குப் பொலித்தீன் செமிக்கிற காலம் வருமா?

உப்புவெளி_அம்மா:
என்ர மகன் பத்தாம் ஆண்டு. போன ஞாயிறு திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்குப் போகேக்க கோட்டை வாசலடியில ஒரு மான் சோறு கட்டுற பொலித்தீன் லஞ்ச்சீற்றைச் சவைச்சுக்கொண்டு நிண்டது, பாக்கவே வயிறு எரிஞ்சுது. மகன் சொல்லுறான் "கவலைப்படாதேங்கோ அம்மா, இன்னும் நூறு வருசத்தில மானுக்கு பொலித்தீன் செமிக்கும், அதுதான் கூர்ப்பு (பரிணாமம்), நுளம்பு மருந்துக்குப் பழகின மாதிரி" எண்டு. பிழை எண்டு மனசு சொல்லுது, ஏன் பிழை எண்டு சொல்லத்தான் தெரியேல்ல. பயோ படிச்ச ஆராவது விளக்குவீங்களோ?

திருமலை_பயோ:
அக்கா, பிழை அந்தப் "பழகின" எண்ட சொல்லிலதான் இருக்கு. நுளம்பு ஒண்டும் மருந்துக்குப் பழகேல்ல. மருந்து பட்டது செத்துப்போச்சு. ஆனா லட்சக்கணக்கான நுளம்புக்குள்ள ஒண்டு ரெண்டுக்கு, மருந்து அடிக்க முன்னமே, அந்த நஞ்சை உடைக்கிற நொதியம் (என்சைம்) கூடச் சுரக்கிற மாதிரி ஒரு விகாரம், அதாவது பரம்பரை அலகில ஒரு மாற்றம், தற்செயலா இருந்திருக்கும், அதுகள்தான் தப்பி முட்டை போடும், அதின்ர பரம்பரைக்கும் அதே குணம் போகும், கொஞ்ச வருசத்தில பாத்தா சாகாததுதான் கூட. மாறினது குடித்தொகை, அதாவது நுளம்புக் கூட்டம் முழுக்க, தனி நுளம்பு இல்ல. எங்கட இலங்கையிலயே நடந்தது. 1963ல நாடு முழுக்க 17 பேருக்குத்தான் மலேரியா, பிறகு மருந்தடிக்கிறதைக் குறைக்க 1967–68ல திரும்ப வெடிச்சுது, திரும்ப டிடிடி எண்ட நுளம்பு மருந்தை அடிக்க அடிக்க அதுக்குச் சாகாத நுளம்பு பெருகி, 1977ல மலத்தியன் எண்ட வேற மருந்துக்கு மாறவேண்டி வந்திட்டு.

மானுக்கு அப்பிடி ஒரு தொடக்கமே இல்ல. பொலித்தீனை உடைக்கிற நொதியம் எந்த மானிட்டயும் இல்ல, தேவை எண்டதுக்காக விகாரம் வராது. மானோ கொஞ்சம், ஒரு தரத்துக்கு அனேகமா ஒரு குட்டிதான். பொலித்தீன் வயித்தை அடைச்சு சாகும், அவ்வளவுதான்.

நிலாவெளி_ரீச்சர்:
ஒண்டைச் சேர்க்கிறன். பிள்ளையள் "பலமானதுதான் பிழைக்கும்" எண்டு எழுதுவினம், நான் ஒவ்வொரு வருசமும் சிவப்புப் பேனையால வெட்டுவன். தக்கன பிழைத்தல் எண்டா அந்த இடத்துக்குத் தக்கது. மருந்தடிக்காத ஊரில அந்த நுளம்பின்ர விகாரத்தால ஒரு பிரயோசனமும் இல்ல. அந்தச் சொல்லே டார்வின்ர இல்ல, 1864ல ஹேர்பேர்ட் ஸ்பென்சர் எண்ட ஆங்கிலேயத் தத்துவஞானி எழுதினது, டார்வின் பிறகுதான் எடுத்தவர்.

கிண்ணியா_தம்பி:
ஆனா 2016ல ஜப்பான்ல சக்காய் எண்ட ஊரில, போத்தல் மீள்சுழற்சி செய்யிற இடத்தில பிளாஸ்ரிக் தின்னுற பக்ரீறியா கண்டுபிடிச்சதுதானே? அது தேவைக்கு மாறினதுதானே?

திருமலை_பயோ:
தம்பி, அது தின்னுறது போத்தல் செய்யிற பெற் (PET) எண்ட பிளாஸ்ரிக், பொலித்தீன் வேற சாமான். மற்றது பக்ரீறியா கோடிக்கணக்கில இருக்கும், சிலது இருபது நிமிசத்தில ரெண்டாகும், அதால உபயோகமான விகாரம் ஒண்டு தற்செயலா விழ இடம் கூட. தேவையைக் கண்டு மாறுதா எண்டதை 1943லயே லூரியா, டெல்புரூக் எண்டு ரெண்டு பேர் சோதிச்சவை. எனக்கு பயோவில ஆசை வந்ததே இதைப் படிச்சுத்தான். கனக்கக் குழாயில தனித்தனியா பக்ரீறியா வளர்த்து, பிறகு எல்லாத்திலயும் அதைக் கொல்லுற ஒரே வைரசை விட்டவை. வைரசைக் கண்டபிறகுதான் மாறுதெண்டா எல்லாக் குழாயிலயும் கிட்டத்தட்ட ஒரே அளவு தப்பியிருக்கோணும். ஆனா கனக்கக் குழாயில ஒண்டுமே தப்பேல்ல, ஒண்டு ரெண்டில நூற்றுக்கு மேல! வைரஸ் வர முன்னமே, வேளைக்கே ஒண்டு மாறிப் பெருகின குழாயிலதான் அந்த நூறு.

உப்புவெளி_அம்மா:
எல்லாருக்கும் நன்றி, மகனுக்கு வாசிச்சுக் காட்டினன், குழாய்க் கதையை ரெண்டுதரம் கேட்டவன். இப்ப கேக்கிறான், காட்டு மான் ஆளைக் கண்டா ஓடுது, கோட்டை மான் கையில இருந்தே வாங்கித் தின்னுது, அது கூர்ப்பு இல்லையோ எண்டு.

திருமலை_பயோ:
நல்ல கேள்வி. பாத்த உடன அப்பிடிச் சொல்லேலாது அக்கா. குட்டி தாயோட திரிஞ்சு ஆக்களைக் கண்டு கண்டு பயம் தெளியும், இங்க "பழகின" எண்ட சொல் பொருந்தும். கூர்ப்பெண்டு சொல்லோணுமெண்டா, பயம் குறைஞ்ச குணம் பரம்பரையாப் போகுதெண்டும், அந்த மான்கள்தான் கூடக் குட்டி விடுதெண்டும் காட்டோணும். கோட்டையில பிறந்த குட்டியையும் காட்டில பிறந்த குட்டியையும் வைச்சு அதை எப்பிடிச் சோதிக்கலாமெண்டு மகனையே கேட்டுப் பாருங்கோ, சொன்னா இங்க எழுதுங்கோ.