ஆபரேஷனுக்குப் பின் '4 நாளில் வீடு' என்றால் எந்த 4 நாள்?

மயக்கவியல்_முதுநிலை:
வணக்கம். பெருங்குடல் அறுவை சிகிச்சை முடிந்தவர்கள் எவ்வளவு சீக்கிரம் தேறுகிறார்கள் என்று கட்டுரைகளை ஒப்பிட்டு ஆய்வேடு எழுதுகிறேன். மூன்று வாரமாக ஒரே அட்டவணையில் நிற்கிறேன். 'தங்கிய நாட்கள்' என்ற கட்டத்தை நிரப்ப முடியவில்லை. ஒருவர் அட்மிஷன் நாளிலிருந்து எண்ணுகிறார், இன்னொருவர் ஆபரேஷன் நாளிலிருந்து. ஒருவர் சராசரி தருகிறார், மற்றவர் இடைநிலை அளவு (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்) தருகிறார். வீட்டுக்குப் போய் இரண்டே நாளில் வாந்தியோடு திரும்பி வந்தவரின் நாட்களைச் சேர்த்தார்களா என்று பலர் சொல்வதே இல்லை. 'குடல் இயக்கம் திரும்பியது' என்றால் காற்று பிரிந்ததா, மலம் கழித்தாரா, சாப்பிட்டது வயிற்றில் தங்கியதா?

எல்லாவற்றையும்விட வருத்தம் தருவது 'ஈராஸ் முறை பின்பற்றப்பட்டது' என்ற ஒற்றை வரி. ஆபரேஷன் முடிந்தவரைச் சீக்கிரம் தேற வைக்கும் பல அங்கங்கள் கொண்ட முறைதான் ஈராஸ். என்னென்ன செய்தார்கள், எத்தனை பேருக்குச் செய்தார்கள்? அதைத் தேடித்தானே அந்தக் கட்டுரையை எடுத்தேன்!

அடுத்து என் சொந்தத் தரவை எழுதப்போகிறேன். எனக்குப் பின்னால் வருபவர் இப்படி மாட்டிக்கொள்ளக் கூடாது. எதைப் பின்பற்றட்டும்?

குடல்_சர்ஜன்:
2019-இல் ஈராஸ் சங்கமும் அதன் அமெரிக்கக் கிளையும் சேர்ந்து வெளியிட்ட 'ரெகவர்' சரிபார்ப்புப் பட்டியலைப் பாருங்கள். கட்டுரையில் எதை எழுத வேண்டும் என்று சொல்லும் மற்ற பட்டியல்களான கன்சார்ட், ஸ்ட்ரோப் எல்லாம் ஆய்வின் வடிவத்துக்கானவை. நோயாளிகளைக் குழுக்களாகப் பிரித்துச் செய்யும் சோதனை என்றால் கன்சார்ட், கண்காணிப்பு ஆய்வு என்றால் ஸ்ட்ரோப். ரெகவர் சிகிச்சை முறையையே விவரிக்கச் சொல்கிறது.

ஈராஸுக்கு வித்திட்ட டென்மார்க் சர்ஜன் ஹென்ரிக் கெலட் 1990-களில் காட்டியது, பல சின்னச் சின்ன மாற்றங்கள் சேர்ந்துதான் பலன் தரும் என்பது. முன்கூட்டிய விளக்கம், 2 மணி நேரம் முன்பு வரை தெளிந்த பானம், அளவான சலைன், ஓபியாய்டு (மார்ஃபின் வகை மருந்து) குறைத்த வலி நிவாரணம், மூக்குக் குழாயைத் தவிர்ப்பது, அன்றே எழுந்து உட்காருவது. இதில் பாதி நடக்காவிட்டாலும் கட்டுரையில் 'ஈராஸ்' என்றே வரும். அதனால் ஒவ்வொரு அங்கமும் எத்தனை சதவீதம் பேருக்கு நடந்தது என்று எழுதாமல் அனுப்பாதீர்கள். நான் ஒருமுறை அப்படி அனுப்பி, மதிப்பாய்வாளர் கேட்ட பிறகு பழைய கேஸ் ஷீட்டுகளைத் திரும்பத் தோண்டினேன். பாதித் தகவல் அதில் இல்லை.

எண்_பார்ப்பவன்:
சார் சொன்னது சரி. ஆனால் பட்டியல் எதை எழுத வேண்டும் என்று சொல்லும்; எதை அளக்க வேண்டும் என்பதை நீங்கள் முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். சிக்கல்களுக்கு 2004-இல் வந்த கிளேவியன்-டின்டோ தரவரிசை போதும்: மருந்தோடு சரியானதா, மறுபடி ஆபரேஷன் தேவைப்பட்டதா என்று சிகிச்சையை வைத்துத் தரம் பிரிக்கிறது. நோயாளி எப்படி உணர்ந்தார் என்பதற்கு கியூஓஆர்-15 என்ற வினாத்தாள் இருக்கிறது, 15 கேள்விகள், 0 முதல் 150 வரை மதிப்பெண்.

தங்கிய நாட்களை மட்டும் நம்பாதீர்கள். அழைத்துப்போக ஆள் இல்லாமல் ஒரு நாள் கூடுதலாகப் படுத்திருப்பவரும் அந்த எண்ணுக்குள் இருக்கிறார். வீட்டுக்குப் போகத் தகுதி பெற்ற நாளைத் தனியாகக் குறியுங்கள். இடைநிலை அளவோடு கால்மான வீச்சையும் (நடுப் பாதிப் பேரின் எண்கள் எதிலிருந்து எது வரை என்பதை) கொடுங்கள். 30 நாளுக்குள் மறுபடி சேர்ந்தவர்களையும் தனியே காட்டுங்கள்.

வார்டு_செவிலி:
டாக்டர், ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். 'நடந்தார்' என்று நாங்கள் குறிப்பேட்டில் எழுதுவதுதான் கடைசியில் உங்கள் சதவீதமாகிறது. கட்டிலிலிருந்து நாற்காலிக்குப் போனதை ஒருவர் 'நடந்தார்' என்பார், இன்னொருவர் வராந்தாவில் இரண்டு சுற்று வந்தால்தான் எழுதுவார். தரவு எடுக்கும் முன்பே வரையறையை எங்கள் கையில் கொடுத்திருந்தால் எண் சரியாக வந்திருக்கும்.

மயக்கவியல்_முதுநிலை:
நன்றி, அனைவருக்கும். ரெகவர் பட்டியலை அச்செடுத்துவிட்டேன். சிஸ்டர் சொன்னதைப் பார்த்ததும் என் தாள்களைப் புரட்டினேன்: 'நடந்தார்' என்ற கட்டம் இருக்கிறது, எவ்வளவு தூரம் என்று எங்குமே இல்லை. இனி வருபவர்களுக்கு நேரமும் தூரமும் கேட்கும் புதிய தாள் இன்றிரவே தயார் செய்கிறேன். பழையவர்களுக்கு 'வரையறுக்கப்படவில்லை' என்றே கட்டுரையில் எழுதுவேன்.