பாதுகாவலர் வணக்கம் நற்கருணையை மறைக்கிறதா?

விளக்குத்திரி:
பங்கின் பாதுகாவலராகிய புனிதரின் விழாவன்று ஆலயத்துக்குள் வருகிறவர்களைக் கவனித்துப் பாருங்கள். நற்கருணை, அதாவது கிறிஸ்துவின் உடலாக ஆராதிக்கப்படும் அப்பம், வைக்கப்பட்டிருக்கும் பேழையருகே எரியும் விளக்கைத் திரும்பியும் பாராமல், நேரே அவருடைய சுரூபத்தின் (சிலையின்) காலடிக்குச் சென்று, தொட்டு வேண்டிக்கொண்டு வெளியேறுகிறவர்கள் பலர். ஒன்பது நாள் நவநாளுக்குத் தவறாமல் வந்தவர் அடுத்த ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலிக்கு (பூசைக்கு) வருவதில்லை. நற்கருணைப் பலியைக் கிறிஸ்தவ வாழ்வு முழுமைக்கும் ஊற்றும் உச்சமும் என 1964இல் கத்தோலிக்க ஆயர்களின் பேரவையான இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூறியிருக்க, நாம் ஊற்றை விட்டுவிட்டு வாய்க்காலில் கூட்டம் கூடுகிறோம் என்பதே என் குற்றச்சாட்டு.

பழைய பாடகன்:
தாங்கள் கண்டது உண்மை. அதிலிருந்து எடுத்த முடிவைத்தான் நான் மறுக்கிறேன். இரண்டாம் நூற்றாண்டில் ஆயர் பொலிக்கார்ப்பு கொல்லப்பட்டபோது ஸ்மிர்னா திருச்சபை எழுதிய மடலில், கிறிஸ்துவை இறைமகன் என ஆராதிக்கிறோம், மறைச்சாட்சிகளையோ (விசுவாசத்துக்காக உயிர்நீத்தவர்களையோ) அவருடைய சீடர்கள் என்பதால் அன்பு செய்கிறோம் என்ற வேறுபாடு தெளிவாகவே இருக்கிறது. மறைச்சாட்சிகளின் கல்லறைகளில் திருப்பலி ஒப்புக்கொடுத்த வழக்கத்தின் தொடர்ச்சியாகத்தான் இன்றும் பலிபீடத்தின் அடியில் அவர்களுடைய உடல் எச்சங்களாகிய திருப்பண்டங்கள் வைக்கப்படுகின்றன. அங்கே பலி கடவுளுக்கே ஒப்புக்கொடுக்கப்படுகிறது, மறைச்சாட்சிகளுக்கு அல்ல என்று புனித அகுஸ்தினாரும் வலியுறுத்தினார். ஆக, புனிதர் பீடத்துக்கு எதிரே போட்டியாக நிற்பவர் அல்லர். பீடத்தின் அடியில் கிடப்பவர்.

வினாக்காரன்:
நான் கத்தோலிக்கன் அல்லன். ஆகவே வெளியிலிருந்து கேட்கிறேன். கடவுளுக்கும் மனிதருக்கும் இணைப்பாளர் ஒருவரே என்கிறது திமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதல் திருமுகம். ஆராதனை வேறு, வணக்கம் வேறு என்பது இறையியலாரின் ஏட்டில் இருக்கிறது. மெழுகுவர்த்தி ஏற்றுகிறவரின் உள்ளத்தில் இருக்கிறதா?

பழைய பாடகன்:
உள்ளத்தை நான் அளக்க இயலாது. உடலுக்குத் திருச்சபை கற்றுத்தருவதைச் சொல்லலாம். நற்கருணைக்கு முன் முழந்தாளிடுகிறோம், சுரூபத்துக்கு முன் தலை வணங்குவதோடு சரி. தூபம் காட்டும்போதும் நற்கருணைக்கு மூன்று முறை வீச வேண்டும், புனிதரின் சுரூபத்துக்கு இரண்டே முறை.

விளக்குத்திரி:
கூடியிருக்கும் மக்களுக்கும் மூன்று முறைதான் வீசுகிறார்கள், ஐயா! எண்ணிக்கையை வைத்து வாதாடினால் புனிதரைவிட நாம் உயர்ந்தவர்கள் ஆகிவிடுவோம்.

பழைய பாடகன்:
ஒப்புக்கொள்கிறேன், அந்த வாதத்தை நான் எடுத்திருக்கக் கூடாது. முழந்தாளிடுவதைப் பற்றிச் சொன்னது மட்டும் நிற்கட்டும்.

ஆனால் வரலாற்றைத் தாங்கள் தலைகீழாகப் பார்க்கிறீர்கள் என்றே நினைக்கிறேன். ஆண்டுக்கு ஒரு முறையாவது, பாஸ்கா (உயிர்ப்பு விழா) காலத்தில், நற்கருணை உட்கொள்ள வேண்டும் என்று 1215இல் நான்காம் இலாத்தரன் சங்கம் கட்டளையிட நேர்ந்ததென்றால், மக்கள் எவ்வளவு விலகியிருந்திருப்பார்கள்! 1264இல் திருத்தந்தை நான்காம் உர்பான் நற்கருணைப் பெருவிழாவை ஏற்படுத்திய பிறகும், பெரும்பாலோர் குருவானவர் அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றத்தின்போது அதைக் கண்ணால் கண்டு வணங்கினார்களே தவிர உட்கொள்ள முன்வரவில்லை. அவர்களைத் தடுத்ததில் பெரும்பங்கு, தகுதியின்றி உட்கொண்டுவிடுவோமோ என்ற அச்சத்துக்கு உண்டு; புனிதர் மீதான பற்றின்மேல் அந்தப் பழியைப் போடுவது நியாயமில்லை. திருத்தந்தை பத்தாம் பயஸ் 1905இல் அடிக்கடி, இயன்றால் நாள்தோறும் உட்கொள்ளுமாறு ஊக்குவித்து, 1910இல் ஏறத்தாழ ஏழு வயதுச் சிறுவர்க்கும் வழி திறந்த பின்னரே நிலைமை மாறியது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, ஆடு மேய்த்துப் பின்னர் துறவுமடத்தில் எளிய சகோதரராக வாழ்ந்த புனித பாஸ்கால் பைலோனை நற்கருணை மாநாடுகளுக்குப் பாதுகாவலராக 1897இல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ அறிவித்தார். புனிதர் ஒருவரைப் பிடித்துக்கொண்டே பீடத்தை அடையலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

வினாக்காரன்:
என் கேள்விக்கு இது விடையாகவில்லை. எனினும் நற்கருணை மீதான பயபக்தியின் மிகுதியே மனிதரை அதை உட்கொள்வதிலிருந்து விலக்கியது என்பது எனக்குப் புதிய செய்தி.

விளக்குத்திரி:
எனக்கும் அது உறைக்கிறது. புனிதர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியதைத் திரும்பப் பெறுகிறேன். விழாக்குழுவை மட்டும் விடமாட்டேன். தவக்கால ஞாயிறன்று பாதுகாவலர் விழா வந்தால் ஞாயிறே முந்தும், விழா வேறு நாளுக்குத் தள்ளப்படும் என்று திருவழிபாட்டு ஒழுங்கு தெளிவாகச் சொல்கிறது. அந்த வரிசை விழாவன்றைய நிகழ்ச்சி நிரலில் எங்கே இருக்கிறது? பவனிக்கு நேரமாகிவிடும் என்று திருப்பலியைச் சுருக்குகிறவர்களும், நற்கருணை உட்கொண்ட கையோடு நன்றிமன்றாட்டுக்குக்கூடக் காத்திராமல் சுரூபத்தை அலங்கரிக்க எழுந்து செல்கிறவர்களும் பாஸ்கால் பைலோனின் வழியில் நடப்பதாக எனக்குத் தோன்றவில்லை.