சனிக்கிழமை டிராகன் குழு: மேசையில் போன்

ஞாயிறு, காலை 9:10

நான்: எல்லோருக்கும் காலை வணக்கம். நேற்றைய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) ஆட்டத்தைப் பற்றி ஒரு விஷயம் பேச வேண்டும். நான் கதையை நடத்த, நீங்கள் ஐந்து பேரும் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி ஆடுகிற ஆட்டம் இது, அதனால்தான் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், காபி குடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

நான்: சித்தப்பாவின் ட்வார்ஃப் வீரன் தம்பியின் கல்லறை முன்னால் நின்று பேச ஆரம்பித்தான் இல்லையா, அந்த நேரத்தில் மேசையைச் சுற்றி மூன்று பேர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா அதை வாரம் முழுக்க உட்கார்ந்து எழுதியிருந்தார். பாதியிலேயே தாளை மடித்து வைத்துவிட்டு "சரிம்மா, சண்டைக்குப் போகலாம்" என்றார். எனக்கு அது மிகவும் வருத்தமாக இருந்தது. இன்னும் இருக்கிறது.

அண்ணா: நான் மேட்ச் ஸ்கோர்தான் பார்த்தேன். காதில் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

அண்ணி: கேட்டிருந்தால் அடுத்த நிமிடமே "இது யாருடைய கல்லறை?" என்று ஏன் கேட்டீர்கள்?

சித்தப்பா: விடுங்கப்பா. நான்தான் ரொம்ப நீட்டிவிட்டேன். இதைத் தனியாகச் சொல்லியிருக்கலாமேம்மா, குழுவில் போட வேண்டுமா?

நான்: அண்ணாவிடம் நேற்று ராத்திரியே தனியாகச் சொல்லிவிட்டேன் சித்தப்பா. ஒருவரைப் பற்றிய பேச்சு என்றால் அதோடு முடிந்திருக்கும். இது மேசைக்கே உரிய விஷயம். புதுக் கதை தொடங்கும் முன் செஷன் ஜீரோ என்று உட்கார்ந்து பேசுவோம் இல்லையா, எந்த மாதிரிக் கதை வேண்டும், எது வேண்டாம் என்று? அன்றைக்கு போனைப் பற்றி நாம் ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது பேசலாம்.

அண்ணி: என்னைக் கேட்டால் ஒரு கூடை வைத்துவிடலாம். உள்ளே வந்ததும் எல்லோர் போனும் அதில். பத்து மணிக்கு எடுத்துக்கொள்ளலாம்.

குட்டி: அண்ணி, என் கேரக்டர் ஷீட்டே (என் பாத்திரத்தின் விவரத் தாள்) போனில்தான் இருக்கிறது! டி அண்ட் டி பியாண்ட் ஆப்பில். ஸ்பெல் (மந்திரம்) எல்லாம் அதில்தான் தட்டிப் பார்க்கிறேன்.

எதிர்வீட்டு மாமி: சனிக்கிழமை சாயங்காலம் என் பிள்ளைக்கு அங்கே காலை நேரம். அவன் கூப்பிடுவது அப்போதுதான். கூடை என்றால் நான் வருவது கஷ்டம்.

அண்ணா: போன வாரம் தண்ணி லாரிக்காரர் கூப்பிட்டது யாருக்கு? எனக்குத்தான். எடுக்காமல் இருந்திருந்தால் வண்டி அடுத்த தெருவுக்குப் போயிருக்கும், மூன்று வீட்டுக்கும் தண்ணீர் இல்லை.

நான்: கூடை வேண்டாம் அண்ணி. அண்ணா சொல்வது நியாயம், மாமி சொல்வதும் நியாயம். அது போக, கூடை வைத்தால் நான் கதையை நடத்துகிற டிஎம் வேலையை விட்டுவிட்டு எட்டாம் வகுப்பு டீச்சர் வேலை பார்க்க வேண்டும். யார் எடுத்தார்கள், யார் வைத்தார்கள் என்று கண்காணித்துக்கொண்டே ஒரு கதையை நடத்த என்னால் முடியாது. எல்லோரும் விரும்பித்தான் வருகிறோம்.

அண்ணா: சரி, நான் மனதில் இருப்பதைக் கேட்கிறேன். என் டர்ன் இல்லாதபோது நான் என்ன செய்ய வேண்டும்? சண்டை ஆரம்பித்தால் ஒரு சுற்று முடிய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தாயா?

நான்: பார்த்தேன். விஷயத்தின் பாதி அங்கேதான் இருக்கிறது. கதைக்குள் ஒரு சுற்று என்பது 6 விநாடி. வெளியே, ஒருவருக்கு 4 நிமிடம் என்று வைத்தாலும், உன்னைத் தவிர நான்கு பேர், அப்புறம் என் பூதங்கள். உன் முறை மறுபடி வர 20 நிமிடம் தாண்டிவிடும். அவ்வளவு நேரம் சும்மா இருந்தால் கை தானாகப் போனுக்குப் போகும், அதில் ஆச்சரியமே இல்லை.

நான்: ஆனால் அதற்கு அப்புறம் நடப்பதைப் பார். முறை வந்ததும் நிமிர்ந்து "இப்போது என்ன நடக்கிறது? யார் எங்கே நிற்கிறார்கள்?" என்று கேட்கிறாய். நான் எல்லாவற்றையும் திரும்பச் சொல்கிறேன். நீ அதற்குப் பிறகு யோசிக்கிறாய். 4 நிமிடம் 7 ஆகிறது. அந்த நேரத்தில் குட்டிக்குச் சலிப்பு, அவள் போனை எடுக்கிறாள். அவள் முறை வரும்போது அவளுக்கும் திரும்பச் சொல்ல வேண்டும். ஆட்டம் மெதுவானதால் போன், போனால் ஆட்டம் இன்னும் மெதுவு.

குட்டி: அக்கா, லாக்டவுனில் ஆடியதிலிருந்துதான் இந்தப் பழக்கம் என்று நினைக்கிறேன். 2020இல் ரோல்20 என்ற வெப்சைட்டில் ஆடினோமே, ஒரு விண்டோவில் ஆட்டம், இன்னொன்றில் கிளாஸ் ஒர்க். கேமராவை ஆஃப் செய்துவிட்டால் யாருக்கும் தெரியாது.

நான்: ஆமாம், எனக்கும் அப்படித்தான் படுகிறது. அங்கே யாருடைய கண் எங்கே இருக்கிறது என்று தெரியவே தெரியாது. இங்கே ஒருவர் முகம் பார்த்துப் பேசுகிறார், எதிரே இருப்பவர் கண் கீழே இருப்பது தெரிகிறது. பேசுகிறவருக்குத் தொண்டை அடைத்துவிடும்.

குட்டி: ஆனால் ஒன்று. நான் படம் வரைவதை எல்லோரும் கவனக்குறைவு என்றே நினைக்கிறீர்கள். பிளிமத் பல்கலைக்கழகத்தில் ஜாக்கி ஆண்ட்ரேட் என்பவர் செய்த ஆய்வு ஒன்று 2009இல் வெளிவந்தது. 40 பேருக்கு ஒரு அறுவையான டெலிபோன் மெசேஜ் போட்டுக் காட்டினார்கள், இரண்டரை நிமிடம். பாதிப் பேர் கேட்டுக்கொண்டே தாளில் இருந்த வடிவங்களைப் பென்சிலால் நிரப்பினார்கள். அவர்களுக்குத்தான் 29 சதவீதம் அதிகமாக ஞாபகம் இருந்தது.

அண்ணா: அப்படியானால் ரீல்ஸ் பார்ப்பதற்கும் அதே கணக்குதானே?

குட்டி: இல்லை அண்ணா. வடிவத்தை நிரப்புவதற்கு யோசிக்கவே வேண்டாம், கைதான் வேலை செய்யும். ரீல்ஸில் ஒருவர் பேசுகிறார். இங்கே அக்கா பேசுகிறார். ஒரே நேரத்தில் இரண்டு பேச்சை எப்படிக் கேட்பது?

எதிர்வீட்டு மாமி: நான் ஆட்டத்தின்போது பூ கட்டுகிறேனே, அதில் யாருக்காவது தொந்தரவு உண்டா?

நான்: மாமி, நீங்கள்தான் மேசையிலேயே நன்றாகக் கேட்கிறவர்! பூசாரியின் கையில் புதுத் தீக்காயம் இருக்கிறது என்று நான் போகிற போக்கில் சொன்னேன். பூவிலிருந்து கண்ணை எடுக்காமல் "தானியக் கிடங்குக்குத் தீ வைத்தது அவன்தான்" என்றீர்கள். மற்ற நான்கு பேரும் காயத்தைக் கவனிக்கவே இல்லை. கைக்கு வேலை இருந்தால் காது திறந்திருக்கும். குட்டி வரையட்டும், நீங்கள் கட்டுங்கள். வார்த்தையைக் கேட்கும் இடத்தை எது பிடித்துக்கொள்கிறதோ அதுதான் பிரச்சினை.

ஞாயிறு, மதியம் 2:45

அண்ணா: சாப்பிட்டுக்கொண்டே யோசித்தேன். என் முறை இல்லாதபோது நான் வெறும் பார்வையாளன்தானே? கேரம் ஆடும்போதுகூட அடுத்தவர் அடிக்கையில் டிவி பார்ப்போம், யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

நான்: கேரம் போர்டு நீ திரும்பிப் பார்க்கும் வரை அங்கேயே இருக்கும் அண்ணா. எந்தக் காய் எங்கே என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். இங்கே என்ன இருக்கிறது? இந்த ஆட்டத்தை உருவாக்கிய கைகாக்ஸும் ஆர்னசனும் 1974இல் இதை வெளியிட்டபோது பெட்டிக்குள் மூன்று சின்னப் புத்தகம்தான். மீதி எல்லாம் மேசையில் இருப்பவர்களின் பேச்சு. இன்றைக்கும் அப்படித்தான். நான் "கதவுக்குப் பின்னால் தண்ணீர் சொட்டும் சத்தம்" என்று சொன்னால் கதவு உண்டாகிறது. மாமி "நான் விளக்கை அணைக்கிறேன்" என்றால் அறை இருட்டாகிறது. நீ கேட்கவில்லை என்றால் உனக்கு அந்த அறையே கிடையாது. நீ வேறு ஏதோ அறையில் கத்தி வீசுகிறாய், நாங்கள் உன்னைக் கையைப் பிடித்து இழுத்து வர வேண்டியிருக்கிறது.

நான்: அதனால்தான் சொல்கிறேன், மற்றவர் பேசும்போது கேட்பதும் ஆட்டம்தான். பகடையை உருட்டும் நிமிடம் மட்டும் ஆட்டம் இல்லை. சித்தப்பாவின் வீரன் அழுததை உன் திருடன் பார்த்திருந்தால், அவன் அடுத்த சண்டையில் என்ன செய்திருப்பான்?

அண்ணா: ம்.

அண்ணா: அவனுக்கும் ஒரு தம்பி செத்துப்போனான். முதல் நாளே அப்படித்தானே எழுதினேன்.

சித்தப்பா: அது எனக்கு ஞாபகம் இருந்தது. அதனால்தான் கடைசி நான்கு வரி உன் திருடனைப் பார்த்துப் பேசுவதாக எழுதியிருந்தேன்.

அண்ணா: சித்தப்பா, அதை நான் கேட்க வேண்டும். ஸாரி.

எதிர்வீட்டு மாமி: நானும் கேட்க வேண்டும். வரும் சனிக்கிழமை அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.

சித்தப்பா: சரி மாமி. தாள் பத்திரமாக இருக்கிறது.

அண்ணி: அப்போது நடைமுறைக்கு வருவோம். கூடை இல்லை. வேறு என்ன?

நான்: என் பக்கம் முதலில் சொல்கிறேன். இனிஷியேட்டிவ் வரிசையை, அதாவது சண்டையில் யாருக்கு அடுத்து யார் என்பதை, இனி என் முன்னால் நிற்கும் ஸ்கிரீன் (அட்டைத் தடுப்பு) மேலேயே மடித்த அட்டைகளாக மாட்டிவைப்பேன், எல்லோருக்கும் தெரியும்படி. ஒருவர் ஆடும்போதே "அடுத்து அண்ணி, அதற்கு அடுத்து குட்டி" என்று குரல் கொடுப்பேன். ஒரே ரகப் பூதங்கள் எல்லாம் ஒரே டர்னில் ஆடும். முறை வந்தும் ஒருவர் தயாராக இல்லை என்றால் திட்ட மாட்டேன், அவருடைய ஆள் டாட்ஜ் செய்கிறான், அதாவது அடியைத் தவிர்க்கப் பார்க்கிறான், என்று வைத்துக்கொண்டு அடுத்தவரிடம் போய்விடுவேன்.

அண்ணி: டாட்ஜ் என்றால் அடி விழாதா?

நான்: விழலாம். ஆனால் தாக்குகிறவர் 20 முகப் பகடையை இரண்டு முறை உருட்டி, எது குறைவோ அதைத்தான் எடுக்க வேண்டும். அதனால் பெரிய நஷ்டம் இல்லை, ஒரு முறை போகும், அவ்வளவுதான். புத்தகத்தில் "தயாராக இல்லாதவர் டாட்ஜ்" என்று எழுதியிருக்காது, இது நம் வீட்டு விதி.

அண்ணா: நீ லேப்டாப் வைத்திருக்கிறாயே, அது?

நான்: பாட்டுப் போட மட்டும் இருக்கும், மூடியபடி. குறிப்பு எல்லாம் நோட்டில் எழுதிக்கொள்கிறேன். எனக்கு ஒரு விதி, உங்களுக்கு ஒரு விதி இருக்கக் கூடாது.

குட்டி: என் ஷீட்?

நான்: போனிலேயே வைத்துக்கொள். டூ நாட் டிஸ்டர்ப் போட்டுவிட்டால் வாட்ஸ்அப் எதுவும் மேலே வந்து நிற்காது. ஸ்பெல்களை மட்டும் முடிந்தால் அட்டையில் எழுதிக்கொள், ஒரு அட்டைக்கு ஒரு ஸ்பெல். போனைத் திறந்தால் ஷீட்டோடு நிற்க முடிவதில்லை, விரல் வேறு எங்காவது போய்விடும். விதியில் சந்தேகம் வந்தால் யாரும் கூகுளில் தேட வேண்டாம், நான் அப்போதைக்கு ஒரு தீர்ப்பு சொல்கிறேன், ஆட்டம் முடிந்ததும் சரிபார்க்கலாம்.

எதிர்வீட்டு மாமி: டூ நாட் டிஸ்டர்ப் போட்டால் என் பிள்ளை கூப்பிட்டால் மணி அடிக்குமா?

குட்டி: அடிக்கும் மாமி. அவர் நம்பரை மட்டும் அனுமதிக்கிற மாதிரி வைக்கலாம். சாயங்காலம் வந்து செட் பண்ணித் தருகிறேன்.

நான்: போன் வரும் என்று தெரிந்தால் உட்காரும்போதே சொல்லிவிடுங்கள். "இன்றைக்கு லாரிக்காரர் கூப்பிடுவார்", போதும். வந்ததும் பால்கனிக்குப் போய்ப் பேசிவிட்டு வாருங்கள், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டோம். ஏன் என்று தெரியாமல் ஒருவர் குனிந்தே இருப்பதுதான் உறுத்துகிறது. ஏழே காலுக்கு பஜ்ஜி இடைவேளை உண்டு, அப்போது எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளலாம்.

அண்ணி: ஒருவர் கதைக் காட்சி பேசும்போது மட்டும் ஷீட் போன் உட்பட எல்லாம் கவிழ்த்து வைக்க வேண்டும். இதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

குட்டி: சரி அண்ணி. அதில் எனக்கும் சம்மதம்.

சித்தப்பா: நானும் மூன்று நிமிடத்துக்குள் பேசி முடிக்கிறேன்.

நான்: உங்களுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு எடுத்துக்கொள்ளுங்கள் சித்தப்பா.

அண்ணா: ஒரே ஒரு கேள்வி. இந்த வாரம் வருகிறேன், போனை ஷர்ட் பையிலிருந்து எடுக்க மாட்டேன். அதற்கு அடுத்த சனிக்கிழமை செமி ஃபைனல். அன்றைக்கு என்னால் முடியாது, வந்தாலும் மனசு அங்கேதான் இருக்கும்.

நான்: அப்படியானால் அன்றைக்கு வராதே, மேட்ச்சை நிம்மதியாகப் பார். முன்னாலேயே சொன்னாய் பார், அது போதும். பாதி மனதோடு உட்காருவதைவிட அது எவ்வளவோ மேல். உன் திருடனை அன்று குட்டி ஆடட்டும். குட்டி, சம்மதமா?

குட்டி: சம்மதம். ஆனால் அண்ணாவின் ஷீட் கிறுக்கலாக இருக்கிறது, எனக்கு ஒன்றும் புரியாது.

அண்ணா: புதிதாக எழுதி வெள்ளிக்கிழமைக்குள் தருகிறேன். விஷக் கத்தியை மட்டும் செலவு செய்துவிடாதே.