முடிவுகள் பகுதியில் காரணம் சொல்லலாமா?

வணக்கம் நண்பர்களே, கொடைக்கானல் பக்கம் சீகை மரம் (வாட்டில் என்கிற அயல்மரம்) பரவிய இடத்திலும் பக்கத்துப் புல்வெளியிலும் மண் ஈரத்தை அளந்து என் முதல் ஆய்வுக் கட்டுரையை எழுதிக்கொண்டிருக்கிறேன். முறைகள் பகுதி முடிந்துவிட்டது. முடிவுகளில்தான் தடுமாற்றம். "சீகைக்கு அடியில் ஈரம் குறைவு" என்று எழுதியதும் கை தானாக "ஏனெனில் அதன் வேர்" என்று போய்விடுகிறது, வேரை நான் அளக்கவே இல்லை. வழிகாட்டி அந்த வரியைச் சிவப்பு மையில் சுழித்துவிட்டார். சரி, காரணம் விவாதப் பகுதிக்குரியது, அங்கேயும் முந்தைய ஆய்வுகளோடு ஒப்பிட்டு நிதானமாகச் சொல்ல வேண்டும், புரிகிறது. ஆனால் பி மதிப்பு (p-value) 0.05-க்கு மேல் வந்த, அதாவது புள்ளியியல்படி வேறுபாடு உறுதியாகாத அளவீடுகளை எப்படி எழுதுவது? மழையில் நனைந்து எடுத்தவை, மறைப்பதும் நேர்மையில்லை. எழுதிப் பழகியவர்கள் அப்படி ஒரு பத்தியை மாதிரிக்குக் காட்டுங்களேன். அப்புறம், ஆய்வுச் சுருக்கத்தைக் கடைசியில் எழுதினால் போதுமா?