ஜெர்மனியிலிருந்து பிராக் போகிறவர்களுக்கு: கொருனாவை எப்படி எடுப்பது?

விடுமுறை வந்துவிட்டால் ஜெர்மனிக்குப் புதிதாக வந்த நம் பிள்ளைகள் முதலில் ரயில் ஏறும் ஊர்களில் ஒன்று பிராக். செக் குடியரசு ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும் அங்கே யூரோ இல்லை, கொருனாதான். "யூரோவை எங்கே மாற்றுவது, எவ்வளவு மாற்றுவது" என்று ஆளாளுக்குக் கேட்பதால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

ரொக்கம் அதிகம் வேண்டாம். டிராம், கடை, உணவகம் என்று பெரும்பாலான இடங்களில் கார்டு செல்லும். சந்தைக் கடைகள், சின்ன உணவுக்கடைகள், சில கழிப்பறைகள் ஆகியவற்றுக்குத்தான் கையில் காசு தேவைப்படும். இருவர் இரண்டு மூன்று நாள் சுற்ற 2,000 கொருனா தாராளம். அதை ஒரே தடவையில் எடுத்துவிடுங்கள். வெளிநாட்டுக் கார்டுக்குத் தடவைக்கு இவ்வளவு என்று கட்டணம் பிடிக்கும் ஏ.டி.எம்.கள் அங்கே நிறைய. நூறு நூறாக எடுத்தால் கட்டணமே தின்றுவிடும்.

இனி முக்கியமான இடம், ஏ.டி.எம். திரை. இதை நிதானமாகப் படியுங்கள். ரகசிய எண்ணையும் தொகையையும் அழுத்தியதும், "உங்கள் கணக்கிலிருந்து இத்தனை யூரோ பிடிக்கப்படும், சம்மதமா?" என்று ஒரு கேள்வி வரும். விகிதம் உறுதி என்றும் எழுதியிருக்கும். படிக்க நிம்மதியாக இருக்கும். அங்கேதான் பணம் போகிறது. கணக்குக்கு வசதியாக ஒரு யூரோவுக்கு 25 கொருனா என்று வைத்துக்கொள்வோம். 2,000 கொருனாவுக்கு 80 யூரோ ஆக வேண்டும். இயந்திரம் தன் விகிதமாக 22 போட்டால் ஏறக்குறைய 91 யூரோ பிடிக்கும். 11 யூரோ வீண். தனியாக எங்கேயும் கட்டணம் என்று அது காட்டாததால் கணக்கு அறிக்கையைப் பார்த்தாலும் உறைக்காது.

அந்தக் கேள்விக்கு எப்போதும் "மாற்ற வேண்டாம்" என்றே பதில் சொல்லுங்கள். பல இயந்திரங்களில் சம்மதம் பச்சையில் பெரிதாகவும், மறுப்பு சிவப்பில் சிறிதாகவும் இருக்கும். மறுத்தால் பணமே வராது என்று பயந்து பச்சையை அழுத்துகிறவர்களே அதிகம். பயம் வேண்டாம். மறுத்தாலும் பணம் வரும். விசா அல்லது மாஸ்டர்கார்டு விகிதத்தில் உங்கள் வங்கி கணக்கிட்டுக்கொள்ளும். சில இயந்திரங்கள் இரண்டாம் முறையும் கேட்கும், அப்போதும் மறுத்துவிடுங்கள். 2020 ஏப்ரல் முதல் ஐரோப்பிய மத்திய வங்கியின் விகிதத்தைவிட எத்தனை சதவீதம் கூடுதல் என்பதைத் திரையில் காட்ட வேண்டும் என்பது ஒன்றியத்தின் சட்டம். அந்தச் சதவீதத்தை ஒரு தடவை தேடிப் படித்துப் பாருங்கள், மறுக்கத் தயக்கமே வராது. கடையில் கார்டு தேய்க்கும்போதும் இதே கேள்விதான், அங்கேயும் கொருனாவையே தேர்ந்தெடுங்கள்.

இயந்திரம் தனக்கென்று பிடிக்கும் கட்டணம் வேறு விஷயம். அது பணம் வரும் முன்பே திரையில் தெரியும். அதிகமாகத் தோன்றினால் ரத்து செய்துவிட்டு அடுத்த இயந்திரத்துக்குப் போகலாம். பழைய நகரச் சதுக்கத்தைச் சுற்றி வங்கிப் பெயர் இல்லாமல் தனியே நிற்கும் இயந்திரங்களைத் தவிர்த்து, வங்கிக் கிளையின் சுவரில் இருப்பதைத் தேடுவது என் வழக்கம்.

எந்தக் கார்டு? ஜெர்மன் வங்கிக் கணக்கின் டெபிட் கார்டுக்கு வெளிநாட்டு நாணயக் கட்டணம் உண்டா என்று கிளம்பும் முன் வங்கியிடம் கேளுங்கள். ஊரிலிருந்து யூரோ ஏற்றிக் கொண்டுவந்த ஃபோரெக்ஸ் கார்டை அங்கே நீட்டாதீர்கள். அதில் இருப்பது யூரோ, எடுப்பது கொருனா என்பதால் பல கார்டுகளில் நாணய மாற்றுக் கட்டணம் தனியாக விழும். கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுக்கவே வேண்டாம். பொதுவாக எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும்.

யூரோ தாளைத்தான் மாற்றியாக வேண்டும் என்றால், "கமிஷன் இல்லை" என்ற பலகையை நம்பி நுழையாதீர்கள். வாங்கும் விகிதத்துக்கும் விற்கும் விகிதத்துக்கும் உள்ள இடைவெளியில்தான் கடைக்காரரின் லாபம் இருக்கிறது. "100 யூரோ கொடுத்தால் என் கையில் எத்தனை கொருனா?" என்று கேட்டு, பதில் வந்த பிறகே தாளை எடுங்கள். மாற்றிய பிறகு ஏமாந்தது தெரிந்தால் செக் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. 2019 ஏப்ரல் முதல், 1,000 யூரோ வரை மாற்றியவர் மூன்று மணி நேரத்துக்குள் ரசீதுடன் திரும்பிப் போனால் கடைக்காரர் பரிவர்த்தனையை ரத்து செய்தாக வேண்டும். ரசீதைக் கசக்கிப் போடாதீர்கள். தெருவில் நல்ல விலை தருகிறேன் என்று அணுகுபவரிடம் மட்டும் நின்று பேசவே வேண்டாம். கொருனா என்று சொல்லி மதிப்பில்லாத வேறு நாட்டுத் தாளைத் திணிப்பது அங்கே பழைய தந்திரம். தெருவில் மாற்றியவருக்கு ரசீதும் கிடையாது, அந்தச் சட்டமும் உதவாது.

கோடையில் அப்பா அம்மாவை அழைத்துப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ரிசர்வ் வங்கியின் 2020 விதிப்படி இந்தியக் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு முதலில் முடக்கப்பட்டே வரும். வங்கிச் செயலியில் அதைத் திறந்துவிட அவர்களின் கைபேசிக்குக் குறுஞ்செய்தி வர வேண்டியிருக்கலாம் என்பதால், விமானம் ஏறும் முன்பே வீட்டிலிருந்து செய்யச் சொல்லுங்கள். அந்தக் கார்டைப் போட்டால் திரை ரூபாயில் கேட்கும். அதற்கும் "வேண்டாம்" என்றே அழுத்த வேண்டும் என்பதைப் புறப்படும் முன் ஒரு முறை சொல்லிக்கொடுத்துவிடுங்கள்.